பாரிஸிலிருந்து ரோம் வரை: ரயிலையும் வாடகைக் காரையும் சேர்த்து 15 இரவுப் பயணம் திட்டமிடுவது எப்படி

ஐரோப்பாவுக்கு முதல்முறை கிளம்புகிற நண்பர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டும் பட்டியல்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். 12 நாள், 9 ஊர், ஊருக்கு ஓர் இரவு. கூடவே ஒரு கேள்வியும் வரும், "மொத்தப் பயணத்துக்கும் ரயில் பாஸ் வாங்கிடலாமா, இல்ல ஒரு கார் எடுத்துடலாமா?" இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் பதில். ரயில் போகிற இடத்துக்கெல்லாம் ரயிலில் போங்கள். ரயில் எட்டாத இடத்துக்கு மட்டும், ஒரே நாட்டுக்குள், இரண்டு மூன்று நாளுக்குக் கார் எடுங்கள். நானும் மனைவியும் பத்து வயது மகளும் போய்வந்த வழியையே உதாரணமாக வைத்து, எதை முதலில் செய்ய வேண்டும், எதை அப்புறம் செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஊரை எண்ணாதீர்கள், இரவை எண்ணுங்கள்

ஒரு தாளை எடுத்து, எந்த இரவு எங்கே தூங்கப்போகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். எங்கள் தாளில் இருந்தது இதுதான்: பாரிஸ் 3, பிரான்சின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் கோல்மார் 2, சுவிஸ் மலையடிவாரத்தில் லவுட்டர்புருன்னன் 3, இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் 2, அதைச் சுற்றியிருக்கும் டஸ்கனி மாநிலத்தின் கிராமப்புறம் 3, ரோம் 2. மொத்தம் 15.

ஓர் ஊருக்கு ஓர் இரவு என்று போட்டால் அந்த ஊரைப் பார்க்கவே முடியாது. பெரும்பாலான ஹோட்டல்களில் காலை 10, 11 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், அடுத்த ஊரில் மதியம் 2, 3 மணிக்குத்தான் சாவி தருவார்கள், நடுவில் பெட்டியை இழுத்துக்கொண்டு அலைவதிலேயே பகல் போய்விடும். குறைந்தது இரண்டு இரவு கொடுக்க முடியாத ஊரை எடுத்துவிடுங்கள். எங்கள் பட்டியலில் வெனிஸ் அப்படித்தான் போனது. மனசு கஷ்டப்பட்டாலும் அது சரியான முடிவு.

2. விசா எந்த நாட்டுக்குக் கேட்பது

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பலர் தவறு செய்வது இங்கேதான். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி மூன்றும் ஷெங்கன் பகுதிக்குள் வருவதால் ஒரே விசா போதும். ஆனால் முதலில் எங்கே இறங்குகிறோமோ அந்த நாட்டிடம் அதைக் கேட்கக் கூடாது, அதிக நாள் எங்கே தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். எங்கள் கணக்கில் பிரான்ஸ் 5, சுவிஸ் 3, இத்தாலி 7. அதனால் பாரிஸில் இறங்கினாலும் விண்ணப்பம் இத்தாலிக்குத்தான். நாள்கள் சமமாக வந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு கணக்கில் வரும். முதல் படியில் இரவுகளை எழுதச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இது.

பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாள்தான் கடைசி வரம்பு, அவ்வளவு தூரம் இழுக்கவே வேண்டாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோ வரை தரும் பயணக் காப்பீடு வேண்டும். ஹோட்டல்களை இலவசமாக ரத்து செய்யக்கூடிய வகையில் மட்டும் பதிவு செய்யுங்கள்.

3. விமானம்: ஒரு ஊரில் இறங்கி இன்னொரு ஊரில் ஏறுங்கள்

டிக்கெட் தளங்களில் மல்டி சிட்டி என்று ஒரு தேர்வு இருக்கும். பாரிஸில் இறங்கி ரோமில் ஏறுவதாக அதில் போடுங்கள். போகவர ஒரே ஊர் என்று எடுத்தால் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாவதுபோலத் தெரியும், ஆனால் ரோமிலிருந்து திரும்ப பாரிஸ் வருவதற்கு ஒரு முழு நாளும் இன்னொரு டிக்கெட்டும் செலவாகும்.

4. ரயில்கள்

மொத்தமே நான்கு ஐந்து பெரிய ரயில் பயணங்கள்தான் என்றால், பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து வாங்கும் யூரெயில் பாஸ் லாபமில்லை. பாஸ் இருந்தாலும் பிரான்சின் அதிவேக ரயிலான டிஜிவியிலும் இத்தாலியின் அதிவேக ரயில்களிலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும். பத்துப் பதினைந்து நாள் தினமும் ரயிலேறுகிற இளைஞர்களுக்கு அது நல்ல பொருள், எங்களைப் போன்ற குடும்பத்துக்கு இல்லை.

அதற்குப் பதிலாக எந்த டிக்கெட்டை முன்கூட்டி வாங்குவது, எதை அன்றைக்கு வாங்குவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். டிஜிவியும் இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸா, இத்தாலோ ரயில்களும் விமானம் மாதிரி, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், அதனால் விற்பனை திறந்ததும் வாங்கிவிட வேண்டும். உள்ளூர் ரயில்களுக்கு விலை மாறாது, கிளம்பும்போது வாங்கிக்கொள்ளலாம். விசா கைக்கு வராமல் எப்படி வாங்குவது என்று பயம் வரும். கொஞ்சம் விலை கூடினாலும் மாற்றவோ ரத்து செய்யவோ முடிகிற வகை டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள், எந்த நாள் வரை மாற்றலாம் என்பதை வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

பாரிஸ் – கோல்மார்: பாரிஸ் எஸ்ட் நிலையத்திலிருந்து நேரடி டிஜிவி, ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம். பாரிஸில் பெரிய ரயில் நிலையங்கள் பல உண்டு, ஒவ்வொன்றும் ஒரு திசைக்கு, அதனால் டிக்கெட்டில் நிலையத்தின் பெயரை இரண்டு முறை பாருங்கள். புறப்படுவதற்கு இரண்டு நிமிடம் முன்பே கதவை மூடிவிடுவார்கள். நமக்கு ஒரு வசதி, எஸ்ட் நிலையத்திலிருந்து பெட்டி இல்லாமல் நடந்தால் கால் மணி நேரத் தொலைவில் லா ஷப்பல், ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் பகுதி. முந்தின நாளே போய் வழிக்கு வேண்டியதை வாங்கி வைத்துக்கொள்ளலாம், சுவிஸ் விலைகளைப் பார்த்த பிறகு அந்தப் பையின் அருமை தெரியும்.

கோல்மார் – லவுட்டர்புருன்னன்: உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரத்தில் சுவிஸ் எல்லை நகரமான பாசெல், அங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் இன்டர்லாகன் ஓஸ்ட், அப்புறம் 20 நிமிடம். சுவிஸில் மூன்று இரவுதான் என்றால் விலை உயர்ந்த டிராவல் பாஸ் வேண்டாம், அரைக்கட்டண அட்டையை வாங்குங்கள். ஒரு மாதம் செல்லும், ரயிலில் மட்டுமின்றி 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃப்ராயோக் நிலையத்துக்கும் பாதி விலைதான். கூடவே கேட்டால் குடும்ப அட்டையை இலவசமாகத் தருவார்கள், அதில் 6 முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளைகள் பெற்றோருடன் சும்மாவே பயணிக்கலாம். இந்தப் பள்ளத்தாக்கில் காருக்கு வேலையே இல்லை. மேலே இருக்கும் வெங்கன், மியூரன் கிராமங்களுக்குள் கார் போக முடியாது, ரயிலும் கேபிள் காரும்தான்.

லவுட்டர்புருன்னன் – ஃப்ளாரன்ஸ்: இதுதான் நீளமான நாள், ஆறரை ஏழு மணி நேரம் ஒதுக்குங்கள். இன்டர்லாகன் ஓஸ்ட், ஸ்பீட்ஸ், மிலான் மூன்று இடத்தில் மாற வேண்டும். ஸ்பீட்ஸிலிருந்து வரும் சர்வதேச ரயில் 34.6 கிலோமீட்டர் நீள லோட்ச்பெர்க் சுரங்கத்துக்குள் போய், அப்புறம் 1906இல் திறந்த சிம்ப்ளோன் சுரங்கத்தைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்குகிறது. மிலானில் மாறுவதற்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், எல்லை தாண்டி வரும் ரயில் தாமதமாகலாம். கோடையில் இந்தத் தடங்களில் பராமரிப்பு வேலை நடக்கும், அதனால் பொதுவான அட்டவணையை நம்பாமல் உங்கள் தேதியைப் போட்டே தேடுங்கள். பல நாட்டு ரயில் நேரங்களை ஒரே இடத்தில் பார்க்க ஜெர்மன் ரயில்வேயின் செயலி நல்லது. மிலானிலிருந்து ஃப்ளாரன்ஸ் இரண்டு மணி நேரத்துக்குள். பலகையில் ஃப்ளாரன்ஸ் என்று தேடினால் கிடைக்காது, ஃபிரென்ஸே என்றுதான் போட்டிருக்கும்.

இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் நடைமேடைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய இயந்திரத்தில் சொருகி முத்திரை பதிக்க வேண்டும். பதிக்காமல் ஏறினால் டிக்கெட் இருந்தும் அபராதம் உண்டு.

5. லைசென்ஸும் காரும்

டஸ்கனியில் மட்டும் ஏன் கார்? வால் தோர்ச்சா பள்ளத்தாக்கில் பியன்சா, மொன்டால்ச்சினோ போன்ற குன்றின்மேல் ஊர்களுக்கு ரயில் இல்லை, பஸ் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. தங்குவதற்கு அருமையான இடங்களான பண்ணை வீடுகள், அக்ரிதுரிஸ்மோ என்பார்கள், மண் சாலையின் கடைசியில் இருக்கும். கார் இல்லாவிட்டால் அந்த வாழ்க்கையைப் பார்க்கவே முடியாது.

இந்திய லைசென்ஸ் மட்டும் இத்தாலியில் போதாது, சர்வதேச ஓட்டுநர் அனுமதி, அதாவது ஐடிபி, வேண்டும். உங்கள் ஆர்டிஓவில் பரிவாஹன் தளம் வழியாக விண்ணப்பிக்கலாம், ஒரு வருடம் செல்லும். அசல் லைசென்ஸையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். இணையத்தில் டாலருக்கு விற்கும் "சர்வதேச லைசென்ஸ்" புத்தகங்களில் காசை விடாதீர்கள்.

காரைப் பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை: ஐரோப்பாவில் கியர் வண்டிதான் சாதாரணம், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் அதைத் தேர்ந்தெடுத்து முன்பே எடுத்துவிடுங்கள். ஸ்டியரிங் இடப்பக்கம், ஓட்டுவது வலப்பக்கம் என்ற நிலையில் வலது கையால் கியரும் போட வேண்டாமே என்று நான் ஆட்டோமேட்டிக்தான் எடுத்தேன், கூடுதலாகக் கொடுத்த காசுக்கு ஒரு நிமிடம்கூட வருந்தவில்லை. ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும், டெபாசிட் தொகையை அதில் பிடித்து வைப்பார்கள், டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. வாடகை 24 மணி நேரக் கணக்கு, 11 மணிக்கு எடுத்தால் 11 மணிக்குள் திருப்ப வேண்டும். ஊருக்குள் இருக்கும் அலுவலகங்கள் பல மதியமும் ஞாயிறும் மூடியிருக்கும், விமான நிலையக் கிளை பாதுகாப்பு. ஃப்ளாரன்ஸ் மைய நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு டி2 டிராம் ஏறக்குறைய 20 நிமிடம். எடுத்த ஊரிலேயே திருப்புங்கள். வேறு நாட்டில் விட்டால் அதற்கென்று போடும் கட்டணம் சில நேரம் வாடகையையே மிஞ்சும்.

காரைக் கையில் வாங்கியதும் நான்கு பக்கமும், சக்கரங்களும், கண்ணாடியும், பெட்ரோல் முள்ளும் தெரியும்படி வீடியோ எடுங்கள். வாடகையோடு வரும் காப்பீட்டில் முதல் சில நூறு, ஆயிரம் யூரோ சேதம் உங்கள் தலையில்தான் விழும் என்று எழுதியிருக்கும். அந்தத் தொகையைப் படித்துப் பார்த்து, உங்களால் தாங்க முடியாதென்றால் கூடுதல் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.

6. சாலையில்

நெடுஞ்சாலையில் 130, ஊர்களுக்கு இடையிலான சாதாரணச் சாலையில் 90, ஊருக்குள் 50. ரவுண்டானாவில் உள்ளே இருப்பவருக்கு முதலிடம், நின்று காத்திருந்து நுழையுங்கள். ஊருக்கு வெளியே பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். சுங்கச் சாவடியில் மஞ்சள் டெலிபாஸ் வரிசைக்குள் போய்விடாதீர்கள், அது வண்டியில் மின்கருவி வைத்திருப்பவர்களுக்கு. ஃப்ளாரன்ஸிலிருந்து சியனாவுக்குப் போகும் நான்குவழிச் சாலைக்குச் சுங்கமே கிடையாது. பார்க்கிங்கில் நீலக் கோடு காசுக்கு, வெள்ளைக் கோடு பெரும்பாலும் இலவசம், மஞ்சள் நமக்கில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இசட்டிஎல். பழைய நகரங்களின் மையத்துக்குள் வெளியூர் வண்டிகள் வரக்கூடாது என்ற எல்லை அது. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட பலகையும் மேலே ஒரு கேமராவும்தான் இருக்கும், தடுப்போ போலீசோ இருக்காது. மின்பலகையில் "வார்க்கோ அத்தீவோ" என்று எரிந்தால் தடை நடப்பில் இருக்கிறது, உள்ளே போகக் கூடாது. அத்தீவோ என்றால் திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பலர் நுழைந்துவிடுகிறார்கள். நான் அந்தத் தப்பைத்தான் செய்தேன். மழை, இருட்டு, மேப் காட்டிய குறுக்குவழி, முன்னால் ஒரு வண்டி போனது, நானும் போனேன். ஏழு மாதம் கழித்து வீட்டுக்குக் கடிதம் வந்தது, அதற்கு முன்பே கார் நிறுவனம் என் விவரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்காகத் தனியே ஒரு தொகையைக் கார்டிலிருந்து எடுத்திருந்தது. அந்தப் பணத்தில் மகளோடு இன்னொரு நாள் மலைமேல் போயிருக்கலாம் என்பதுதான் இன்றும் எனக்கு வலிக்கிறது.

அதனால் மதில் சூழ்ந்த எந்த ஊருக்கும் ஊர்ப் பெயரைப் போட்டு வழி தேடாதீர்கள், வெளியே இருக்கும் ஒரு பார்க்கிங்கின் பெயரைப் போடுங்கள். சியனாவில் சான்டா கட்டெரினா பார்க்கிங், அங்கிருந்து மேலே ஊருக்குள் போக எஸ்கலேட்டரே இருக்கிறது. உங்கள் ஹோட்டல் இசட்டிஎல்லுக்குள் இருந்தால் வண்டி எண்ணை அவர்களிடம் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள், பதிந்துவிட்டோம் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

7. திருப்பிக் கொடுக்கும் நாள்

விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் நிரப்பி ரசீதைப் படம் எடுங்கள். இத்தாலியில் பெட்ரோலுக்குப் பெயர் பென்ஸீனா, டீசலுக்குக் கசோலியோ. பெட்ரோல் டாங்க் மூடியில் எது என்று எழுதியிருக்கும், அவசரத்தில் மாற்றிவிடாதீர்கள். ஃப்ளாரன்ஸில் கார் திருப்பும் இடத்திலிருந்து முனையத்துக்கு ஷட்டில் பஸ், அப்புறம் டிராம், அப்புறம்தான் ரயில், அதனால் நடுவில் இரண்டு மணி நேரம் வைத்து ரோம் ரயிலைப் பதிவு செய்யுங்கள். பயணம் ஒன்றரை மணி நேரம்தான், ஒரு நாளில் நிறைய ரயில்கள் ஓடுகின்றன.

வாடகை ஒப்பந்தத்தையும் நீங்கள் எடுத்த வீடியோவையும் ஒரு வருடம் அழிக்காதீர்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு அபராத நோட்டீஸ் அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் தருகிறது, நோட்டீஸ் கையில் கிடைத்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி.