நீலகிரி டிரவுட்டுக்கு லீடரும் ஸ்பின்னரும்

வட அமெரிக்காவில் மஸ்கி என்ற கூர்பல் வேட்டை மீனைப் பிடிப்பவர்கள், தூண்டில் நரம்பின் கடைசித் துண்டான லீடராக ஸ்டீல் கம்பியோ 100 பவுண்டு தாங்கும் ஃப்ளூரோகார்பன் (ஒருவகைப் பிளாஸ்டிக்) நரம்போ கட்டுவது அந்த மீனின் பல்லுக்குப் பயந்துதான். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதே கம்பியோடு ஊட்டி அருகே உள்ள அவலாஞ்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். 1907-ல் அங்கே தொடங்கிய குஞ்சுப் பண்ணையால் இந்த மலையில் நிலைத்துவிட்ட ரெயின்போ டிரவுட்டுக்குப் பல் சின்னது, நரம்பை அறுக்காது. பார்வைதான் கூர்மை.

மீன்வளத்துறை உரிமம் இல்லாமல் தூண்டில் போட முடியாது. காட்டுக்குள் இருக்கும் நீர் என்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும். இரண்டையும் ஊட்டியிலேயே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

ரீலில் 4 முதல் 6 பவுண்டு நைலான் நரம்பு போதும். நுனியில் 12-ஆம் எண் சுவிவல் (தானாகச் சுழலும் சிறு உலோக இணைப்பு), அதற்குக் கீழே 75 செ.மீ. ஃப்ளூரோகார்பன் லீடர். தண்ணீர் கண்ணாடி போலிருக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரை 4 பவுண்டு, அதாவது சுமார் 0.18 மி.மீ. தடிப்பு. தென்மேற்கு மழையில் ஓடை கலங்கினால் 6 பவுண்டுக்கு ஏறலாம். ஃப்ளூரோகார்பன் ஒளியை வளைக்கும் அளவு நீருக்கு நெருக்கமானது: நீருக்கு 1.33, இதற்கு 1.42, நைலானுக்கு 1.5-க்கு மேல். தண்ணீருக்குள் அது கண்ணில் படுவது குறைவு. கடையில் கிடைக்கும் தடித்த தங்கூசி குளத்துக் கெண்டைக்குச் சரி, இங்கே வேண்டாம்.

சுவிவலை விட்டுவிட்டு, இழுக்கும்போது தகடு சுழலும் செயற்கை இரையான ஸ்பின்னரை நேரே கட்டினால், தகடு சுற்றச் சுற்ற நரம்பும் முறுக்கேறும். அரை நாளுக்குள் ரீலிலிருந்து சுருள் சுருளாகக் கழன்று விழும். சுவிவல் போட்டபின், ரீலைச் சுற்றும்போது அது ராடின் (தூண்டில் கோலின்) நுனி வளையத்தில் போய் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வளையம் உடைந்துவிடும்.

ஸ்பின்னர் 0 அல்லது 1-ஆம் எண், எடை 2.5 முதல் 3.5 கிராம். மேப்ஸ் நிறுவனத்தின் அக்லியா ஸ்பின்னர் மாதிரி அகலத் தகடு மெதுவாக இழுத்தாலும் சுற்றும், ஓடைக்கு அதுதான் ஏற்றது. எமரால்டு போன்ற அணைகளில் தூரம் எறிய வேண்டியிருப்பதால் 2-ஆம் எண் எடுக்கலாம். பளிச்சென்ற வெயிலுக்குச் செம்பு நிறம் அல்லது கறுப்பு, மூட்டத்துக்கு வெள்ளி, கலங்கல் நீருக்குப் பொன்னிறம். நிறத்தைப் பற்றிக் கரையில் நடக்கும் சண்டைக்கு முடிவே கிடையாது. எங்கள் கணக்கில் அளவும் ஆழமும்தான் முதலில், நிறம் அதற்கப்புறம்.

மூன்று முனை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள். பாசியிலும் கிளையிலும் சிக்குவது குறையும், சின்ன மீனைக் காயமில்லாமல் விடவும் எளிது.

ஓடையில் நீரோட்டத்துக்கு எதிராக, மேல்பக்கம் எறியுங்கள். ஓட்டத்தைவிடச் சற்று வேகமாகச் சுற்றினால்தான் தகடு சுழலும். அந்த அதிர்வு ராடின் நுனியில் தெரியும். அதிர்வு நின்றால் ராடை லேசாகச் சுண்டி இழுங்கள். அணையில் எறிந்ததும் சுற்றாமல் மனதுக்குள் 5 எண்ணுங்கள், அடுத்த முறை 10, பிறகு 15. எந்த எண்ணில் மீன் தொட்டதோ அந்த ஆழத்தையே பிடித்துக்கொள்ளுங்கள்.

முடிச்சில்தான் நிறைய மீன் போகிறது. லீடரை ஸ்பின்னரின் கண்ணில் நுழைத்து, நுனியை லீடரின் மேலேயே 5 சுற்று சுற்றி, கண்ணுக்கு அருகே உள்ள முதல் கண்ணிக்குள் விட்டு, அதனால் உண்டாகும் பெரிய வளையத்துக்குள்ளும் விடுங்கள். இறுக்குமுன் எச்சில் தொட்டு நனைப்பது கட்டாயம். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் ஃப்ளூரோகார்பன் பலம் இழந்துவிடும்.

நரம்பு அறுந்து வந்தால் அதன் நுனியைப் பாருங்கள். பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியது. இன்னும் ஒரு சுற்று கூட்டுங்கள். சொரசொரப்பாக இருந்தால் பாறையில் உரசியிருக்கிறது. லீடரை இரு விரலுக்கிடையே உருவிப் பார்த்து, சொரசொரப்பு முடியும் இடத்துக்கு மேலே வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். மிச்சம் 40 செ.மீ.க்குக் குறைந்தால் லீடரையே மாற்றிவிடுங்கள். வெட்டிய துண்டுகள் கரையில் கிடக்க வேண்டாம், பறவைக் காலில் சுற்றும். பையில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள்.