டைம்டேபிளைக் கிழித்த பிறகு

பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதும் நான் செய்த முதல் தப்பு, வீட்டையே பள்ளியாக்கியது. மும்பை மாதுங்காவில் எங்கள் சின்ன ஹாலில் ஒன்பதுக்குக் கணக்கு, பத்துக்கு ஹிந்தி என்று சுவரில் டைம்டேபிள் ஒட்டினேன். மூன்று வாரம் தினமும் சண்டை, அழுகை. எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அமெரிக்கக் கல்வியாளர் ஜான் ஹோல்ட் 1977-இல் தன் பத்திரிகையில் ‘அன்ஸ்கூலிங்’ (பிள்ளை தன் ஆர்வத்தின் வழியே கற்பது) என்று எழுதியது, பள்ளிக்கூடத்தை வீட்டுக்குத் தூக்கி வருவதை அல்ல என்பது அப்புறம்தான் உறைத்தது. சரி, கிழித்துப் போட்டேன். அவனுக்கு ரயில் பைத்தியம், போகட்டும் என்று 10 ரூபாய் பிளாட்பார டிக்கெட்டோடு மதியங்களில் ஸ்டேஷனில் உட்கார்ந்தோம். இண்டிகேட்டரில் மாறி மாறி வரும் ஊர்ப் பெயர்களைப் பார்த்தே ‘குர்லா’, ‘டாணே’ என்று தேவநாகரியை எழுத்துக்கூட்டினான் (என் ஹிந்தி வகுப்பில் ‘க’வைத் தாண்டாதவன்!). அடுத்த ஸ்டேஷனான தாதரில் நிற்கிற ஃபாஸ்ட் லோக்கல் ரயில் மாதுங்காவில் ஏன் நிற்பதில்லை என்று கேட்டு, நோட்டில் நாலு தண்டவாளம் வரைந்து தானே கண்டுபிடித்தான்.

மாமியாருக்குப் பரீட்சைக் கவலை. 14 வயது முடிந்தால் என்ஐஓஎஸ் என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 5 பாடம் எடுத்துப் பத்தாவது எழுதலாம் என்றேன். இப்போது அவனுக்கு ஒன்பதுதான். வகுத்தல் இன்னும் வரவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.