மறைக்கும் சொற்களின் வேரைத் தேடுவது எப்படி?

‘ஒளி’ என்றால் வெளிச்சம். ‘ஒளி’ என்றால் மறைந்துகொள் என்றும் பொருள். இரண்டையும் ஒரே வேரில் கட்டி அழகான தத்துவம் சொல்பவர்கள் நிறையப் பேர். என் தமிழ் வகுப்பில் யாராவது அப்படிச் சொன்னால், முதலில் அந்தச் சொல்லை வினையாக்கிப் பார்க்கச் சொல்வேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். திருடன் ஒளிந்தான், நகையை ஒளித்தான், விளக்கு ஒளிர்ந்தது. வெளிச்சத்தின் பக்கம் ஒள், ஒண்மை என்று ஒரு குடும்பம் நிற்கும். மறைவின் பக்கம் ஒளிவு, ஒளிப்பு என்று வேறொரு குடும்பம்.

அப்புறம் அகராதிக்குப் போங்கள். பரோ, எமனோ என்ற இரு மொழியியலாளர்கள் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) இவற்றைத் தனித்தனிப் பதிவுகளாகவே வைத்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் இணையத்தில் இலவசமாகவே தேடலாம்.

வினைக்கு ஜோடி உண்டா என்றும் பாருங்கள். அடங்கு–அடக்கு, ஒதுங்கு–ஒதுக்கு போலத்தான் பதுங்கு–பதுக்கு. அரிசியைப் பதுக்கும் வியாபாரியும், ஈழத்தில் குண்டுவீச்சுக்குத் தப்ப மக்கள் வெட்டிய பதுங்குகுழியும் ஒரே வேரில் வந்து சேர்கிற இடம் இது.

அடுத்தது பழைய வழக்கு. எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். வங்கியிலும் தாலுகா அலுவலகத்திலும் நாம் நிரப்பும் ‘படிவம்’ இருக்கிறதே, அதைக் குறளின் ஒற்றாடல் அதிகாரத்தில் தேடுங்கள். ‘துறந்தார் படிவத்த ராகி’ (586) என்று ஒற்றனைப் பற்றி வருகிறது. துறவியின் கோலத்தில் நுழைந்து வேவு பார்க்கிறவன் அவன். அங்கே படிவம் என்றால் வேடம்! வடிவம், தோற்றம் என்ற பொருளிலிருந்து ஒரு கிளை ஒற்றனிடமும் இன்னொரு கிளை விண்ணப்பத்தாளிடமும் போயிருக்கிறது. இன்றைய பொருளை மட்டும் வைத்து இதை யாராலும் ஊகிக்க முடியாது.

‘கர’ என்ற வினையும் அப்படித்தான். பேச்சில் அது இன்று இல்லை. ஆனால் ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்று பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். கரவா என்றால் மறைக்காமல். பக்கத்திலேயே நிற்கும் கரைதல் கூவி அழைப்பது. அது வேறு சொல். இரத்தலைப் பற்றிய ‘இரவு’ அதிகாரத்தில் ‘கரப்பிலா நெஞ்சு’ (1053) வருகிறது. இருப்பதை ஒளிக்காமல் கொடுக்கும் நெஞ்சு. இதற்கு இணையான ஒரு நல்ல சொல் இன்று நம் பேச்சில் இல்லையே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

சரி, ‘வேடம்’? இது வடமொழி வேஷம். வடமொழி ஷ தமிழில் ட ஆவதை நன்னூலே விதியாகச் சொல்கிறது: விஷம்–விடம், வருஷம்–வருடம். சொல்லில் ட வந்தால் அந்த இடத்தில் ஷ போட்டுப் பாருங்கள், ஆனால் அதோடு முடிவு கட்டிவிடாதீர்கள். வேடன் வேஷக்காரன் அல்ல. அவன் வேட்டை, வேட்டுவன் இவற்றின் உறவுக்காரன்.

கடைசியாக, மொழிபெயர்ப்பு எந்தத் திசையில் நடந்தது என்று பார்க்க வேண்டும். எங்கள் ஊர் வேதாரண்யம். வேதம் மறை, ஆரண்யம் காடு. வெளிப்படையாகச் சொல்லாமல் காத்த மொழி என்பதால் வேதத்துக்கு மறை என்று பெயர். ‘மறைமொழி தானே மந்திரம் என்ப’ என்கிறது தொல்காப்பியம். வேதங்கள் பூசித்து அடைத்துப்போன கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்று எங்கள் கோயில் கதை சொல்லும். அந்த 7ஆம் நூற்றாண்டுத் தேவாரத்திலேயே ஊரின் பெயர் மறைக்காடுதான். இங்கே தமிழ்ப் பெயர் வடமொழிக்குப் போயிருக்கிறது. மறைமலையடிகள் விஷயம் இதற்கு நேர் எதிர்த்திசை. வேதாசலம் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர். தனித்தமிழ் இயக்கத்தின்போதுதான் அவர் அதை மறைமலை என்று மாற்றிக்கொண்டார். இரண்டிலும் இருப்பது அதே மறைதான், ஆனால் எந்த நூற்றாண்டில், யார் கையால் வந்தது என்பதையும் குறித்துக்கொண்டால்தான் உங்கள் குறிப்பு முழுமையாகும்.