கேசினோவுக்குப் போகும்முன் வெள்ளிக் கணக்கு

சம்பா அறுத்த கையோடு திருச்சியில் விமானம் ஏறி, சிங்கப்பூர், மலேசியா சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு மாலை கேசினோவையும் எட்டிப் பார்ப்பதுண்டு. நம் பக்கத்தில் சிங்கப்பூர் டாலரும் வெள்ளிதான், மலேசிய ரிங்கிட்டும் வெள்ளிதான். ஆனால் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்குச் சுமார் மூன்று ரிங்கிட் கிடைக்கும். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ பணம் மாற்றும் கடையில் விலை விசாரிக்கும்போது எந்த ஊர் வெள்ளி என்று சொல்லிக் கேளுங்கள்.

விற்கிற விலை, திருப்பி வாங்குகிற விலை இரண்டையும் கேட்க வேண்டும். உதாரணத்துக்கு 66க்கு விற்று 64க்கு எடுக்கும் கடையில் 500 வெள்ளி வாங்கி, தொடாமல் திருப்பிக் கொடுத்தாலே 1,000 ரூபாய் போச்சு. அதனால் ஒரே தடவை, தேவையான அளவு மட்டும் மாற்றுங்கள். பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் மூன்றும் கேட்பார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கம் எடுக்கமாட்டார்கள், வங்கிக் கணக்கிலிருந்து போக வேண்டும். ரசீதைத் தொலைக்காதீர்கள்.

சிங்கப்பூரில் உள்ள மெரினா பே சாண்ட்ஸ், ரிசார்ட்ஸ் வேர்ல்டு செந்தோசா என்ற இரண்டு கேசினோக்களிலும் 21 வயது ஆகியிருக்க வேண்டும். வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும், கட்டணம் கிடையாது. அங்கே பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வாங்கிவிட்ட மச்சான் கூட வந்தால் அவருக்கு 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி! அவரை வெளியிலேயே காபி குடிக்கச் சொல்லிவிடலாம்.

ஆட்ட மேசையில் நோட்டை டீலர் (ஆட்டத்தை நடத்தும் ஊழியர்) கையில் நீட்டக்கூடாது, வாங்கமாட்டார். மேசைமேல் வையுங்கள். கேமராவுக்குத் தெரிகிற மாதிரி நோட்டை விரித்து எண்ணிவிட்டு, அந்த மதிப்புக்குச் சிப்பை, அதாவது காசுக்குப் பதிலான வில்லையை, தள்ளுவார். கிளம்பும்முன் மிச்சச் சிப்பைக் கேஷியரிடம் கொடுத்து நோட்டாக்கிக்கொள்ளுங்கள். வெளியே அது வெறும் பிளாஸ்டிக்.

பெரிய ஓட்டை கார்டில்தான். சிங்கப்பூரில் கேசினோவுக்குள் ஏடிஎம் கிடையாது. வெளியே உள்ள ஏடிஎம்மிலோ ஹோட்டல் மெஷினிலோ கார்டைப் போட்டால், ‘இந்திய ரூபாயிலா, சிங்கப்பூர் டாலரிலா’ என்று திரை கேட்கலாம். ரூபாய்த் தொகை கண்ணுக்குப் பழகியதாக இருப்பதால் கை அங்கேதான் போகும். அதை அமுக்கினால் அந்த மெஷின்காரர் வைத்த விலைதான், லாபம் சேர்த்து. எப்போதும் உள்ளூர்க் காசையே தேர்ந்தெடுங்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். கேசினோ கவுன்டரில் இந்தியக் கார்டைத் தேய்த்தால் பல வங்கிகள் மறுத்துவிடும். லாட்டரிச் சீட்டு, ஸ்வீப்ஸ்டேக் போன்றவற்றுக்கு இங்கிருந்து பணம் அனுப்ப அன்னியச் செலாவணி விதியும் இடம் தருவதில்லை. ‘தம்பி, அவசரமா அனுப்பு’ என்று ஊருக்குப் போன் போட்டு ஆட நினைக்காதீர்கள்.

மக்காவ் போகிறவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. ஊர்க்காசு படாக்காவாக இருந்தாலும் கேசினோ மேசைகளில் பெரும்பாலும் ஓடுவது ஹாங்காங் டாலர். படாக்காவை மிச்சம் வைத்தால் அந்த ஊரைத் தாண்டி மாற்றுவது கஷ்டம்.

ஊர் திரும்பியதும் மிச்ச நோட்டை 180 நாளுக்குள் மாற்ற வேண்டும். ஆனால் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை மாற்றாமல் கையில் வைத்துக்கொள்ளலாம். சில்லறை நாணயத்தை நம்மூர்க் கடைகள் எடுப்பது அபூர்வம். அதைச் சாங்கி விமான நிலையத்திலேயே தண்ணீர் பாட்டில், சாக்லேட் என்று கழித்துவிடுங்கள்.