சென்னைலயும் சுத்துப்பட்டுலயும் ரூம் போடும்போது எல்லாரும் பண்ற தப்புகள்

ஊர்ல இருந்து சென்னைக்கு வர்றவங்க யாரா இருந்தாலும் போன் பண்ணி கேக்குறது ஒரே கேள்விதான், "ரெண்டாயிரத்துக்குள்ள நல்ல ரூம் எங்க கிடைக்கும்?" எதுக்கு வர்றீங்க, எங்க இறங்குறீங்க, மறுநாள் காலைல முதல் வேலை எந்த ஏரியாலன்னு திருப்பி கேட்டா, அதெல்லாம் வந்து பாத்துக்கலாம்பாங்க. தப்பு அங்கயே ஆரம்பிச்சுடுது. வாடகைல 500 ரூபா மிச்சம் புடிச்சு, அத போக வர கேப்புக்கு குடுத்து, கூடவே மூணு மணி நேரத்தையும் ரோட்டுல விட்டுட்டு வர்றதுல என்ன லாபம்? காலைல முதல்ல எங்க போகணுமோ அதுக்கு பக்கத்துல ரூம் போடுங்க, மத்ததெல்லாம் அடுத்து.

ஆப்ல சென்னைன்னு அடிச்சா வர்றதெல்லாம் சென்னைன்னு நம்பிடாதீங்க. சிறுசேரி, ஸ்ரீபெரும்புதூர், சில சமயம் மாமல்லபுரம் ரிசார்ட் வரைக்கும் அதே லிஸ்ட்ல வரும், போட்டோ பளபளன்னு இருக்கும், ரேட்டும் கம்மியா இருக்கும், ஏன் கம்மின்னு யாரும் யோசிக்கிறதில்ல. சென்ட்ரல்ல இருந்து சிறுசேரி 30 கிலோமீட்டருக்கு மேல, அதுலயும் ஓஎம்ஆர்ங்கிற பழைய மகாபலிபுரம் ரோட்டுல மெட்ரோ வேலை நடக்குற இடத்துல மாட்டினா கிலோமீட்டர் கணக்கெல்லாம் சும்மா. மேப்ல தூரம் பாக்குறவங்களும் ராத்திரி 11 மணிக்கு படுத்துட்டே பாக்குறாங்க, அப்ப அரை மணி நேரம்னுதான் காட்டும். கிளம்புற நேரத்த திங்கக்கிழமை காலை எட்டரைன்னு மாத்தி வச்சு பாருங்க, அதுதான் உண்மை.

அடுத்தது எங்க இறங்குறீங்கங்கிறது. பஸ் கோயம்பேட்டுக்கு வரும்னு நெனச்சு இன்னமும் வடபழனில லாட்ஜ் போடுறவங்க இருக்காங்க. 2023 டிசம்பர் கடைசில கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் திறந்தாச்சு, மதுரை திருநெல்வேலி பக்கத்துல இருந்து வர்ற அரசு பஸ்சுக்கு அதுதான் கடைசி ஸ்டாப், அங்கேருந்து கோயம்பேடு கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். காலைல அஞ்சு மணிக்கு பெட்டி படுக்கையோட கொழந்தைங்கள வச்சுக்கிட்டு அடுத்த பஸ் ஏறணும். வேலை தாம்பரம், வேளச்சேரி, கிண்டி பக்கம்னா ரூமையும் அந்த பக்கமே போட்டுடுங்க. ரயில்ல வர்றவங்களும் டிக்கெட்ட ஒரு தடவ நல்லா பாத்துக்கணும், தெற்க இருந்து வர்ற எல்லா வண்டியும் எக்மோர் வரைக்கும் போறதில்ல, தாம்பரத்தோட நிக்கிற வண்டிங்களும் இருக்கு.

விடிகாலை வர்றவங்க கோட்ட விடுற இன்னொரு விஷயம் செக்கின் டைம். ஹோட்டல்ல ரெண்டு வகை. ஒண்ணு 24 மணி நேர செக்கவுட், காலைல 5 மணிக்கு நுழைஞ்சா மறுநாள் 5 மணி வரைக்கும் ரூம் உங்களுது, எக்மோர் கென்னட் லேன் பக்கத்து லாட்ஜுங்கள்ல இது அதிகம். இன்னொண்ணு மதியம் 12 மணி கணக்கு, இதுல 5 மணிக்கு போய் நின்னா ஒண்ணு ரிசப்ஷன் சோபால தூங்கணும், இல்ல அரை நாள் வாடகை தனியா. ஆப்ல அத ஒரு மூலைல பொடி எழுத்துல போட்டிருப்பான். ஹோட்டலுக்கே போன் போட்டு "அண்ணே, காலைல அஞ்சரைக்கு வந்தா ரூம் குடுப்பீங்களா, எவ்ளோ எக்ஸ்ட்ரா"ன்னு கேட்டுட்டா முடிஞ்சுது.

ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க பாடு வேற, இத கொஞ்சம் விரிவா சொல்லணும். ஒரே பேர்ல பல கிளை இருக்குங்கிறத மறந்துடுறாங்க. அப்போலோன்னா கிரீம்ஸ் ரோடுன்னு முடிவு பண்ணி அங்க ரூம் எடுத்துட்டு, அப்பாயின்ட்மென்ட்ட எடுத்து பாத்தா வானகரம்னு இருக்கும், இல்ல பெருங்குடி, இல்ல தரமணி. இதுல எதுவும் கிரீம்ஸ் ரோட்டுக்கு பக்கமே கிடையாது. அதனால முதல்ல எந்த கிளைன்னு பாருங்க, அப்புறம் ரூம். கிரீம்ஸ் ரோடு சந்துகள்ல வங்காளத்துல இருந்து வர்ற நோயாளிங்களுக்காகவே நிறைய லாட்ஜ் இருக்கு, போர்டே பெங்காலில தொங்கும், சிலதுல ஒரு அடுப்பு வச்சு சமைக்க இடமும் குடுப்பாங்க, கஞ்சி வைக்க வேண்டிய வீட்டுக்காரங்களுக்கு அது பெரிய உதவி. லிப்ட் இருக்கா, லிப்ட் இருந்தாலும் ரோட்டுல இருந்து லிப்ட் வரைக்கும் எத்தன படி, பாத்ரூம்ல வெஸ்டர்ன் டாய்லெட்டான்னு கேளுங்க, ஆபரேஷன் முடிஞ்சு வர்றவர மூணாவது மாடிக்கு தூக்கிட்டு போற நெலம வரக்கூடாது. ஒரு வாரத்துக்கு மொத்தமா பணம் கட்டவே கட்டாதீங்க. டாக்டர் நாளைக்கே போங்கன்னும் சொல்லுவார், இன்னும் பத்து நாள் இருங்கன்னும் சொல்லுவார்.

ஏர்போர்ட் கேஸ்ல எல்லாரும் மெட்ரோவ நம்புறாங்க. மெட்ரோ நல்லதுதான், நானும் அதத்தான் சொல்லுவேன், ஆனா அது ஓடுறது சுமாரா காலை 5 மணில இருந்து ராத்திரி 11 வரைக்கும். 4 மணி பிளைட்டுக்கு அது உதவாது. அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் பல்லாவரம், திரிசூலம் பக்கம் வந்துடுங்க. மத்தபடி ஊர் சுத்த வர்றவங்க மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்து போற தூரத்துல தங்கினா பாதி தலைவலி இல்ல. ஜனவரில புத்தகக் கண்காட்சிக்கு நந்தனம் ஒய்எம்சிஏ வர்றவங்களுக்கு சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை போதும், ரெண்டும் நந்தனத்துக்கு முன்னும் பின்னும் இருக்க ஸ்டேஷன், மூட்டைய தூக்கிட்டு பஸ்ல நசுங்க வேண்டாம்.

திருவல்லிக்கேணி மேன்ஷன் ரேட்ட கேட்டுட்டு குடும்பத்தோட வந்து நிக்காதீங்க, பெரும்பாலும் பேச்சிலர் ஆம்பளைங்களுக்குத்தான், பாத்ரூம் காமன். சேப்பாக்கத்துல மேட்ச்னா அந்த ஏரியா ரேட் எங்கயோ போயிடும், முகூர்த்த நாள்ல ஊர் பூராவும் அதே கததான், மார்கழி கச்சேரி சீசன்ல மயிலாப்பூர் ஆழ்வார்பேட்டை பக்கம் கடைசி நேரத்துல தேடினா கிடைக்காது. சென்னை அட்ரஸ் ஆதார் வச்சிருக்கவங்களுக்கு ரூம் குடுக்காத ஹோட்டலுங்க நிறைய இருக்கு, வீட்ல பெயின்ட் அடிக்கிறாங்கன்னு ரெண்டு நாள் தங்க போனாலும் லோக்கல் ஐடி நோ சார்னு திருப்பி அனுப்பிடுவாங்க, காசு கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, வேளச்சேரி முடிச்சூர் மாதிரி தண்ணி நிக்கிற ஏரியால தரைத்தளம் வேண்டாம்.

இப்ப சிட்டிக்கு வெளிய. பெரிய தப்பு என்னன்னா மொத்த ட்ரிப்புக்கும் தி.நகர்ல ஒரே ரூம் போட்டுட்டு அங்கேருந்து மாமல்லபுரம் ஒரு நாள், காஞ்சிபுரம் ஒரு நாள், வேடந்தாங்கல் ஒரு நாள்னு தினமும் போயிட்டு வர்றது. நீங்க தெற்க இருந்து வர்றீங்கன்னா இந்த மூணுக்கும் போக சென்னைக்குள்ள நுழையவே வேண்டாம். செங்கல்பட்டுல இறங்குங்க. அங்கேருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர், அந்தப் பக்கம் காஞ்சிபுரத்துக்கும் நேர் ரோடு, வேடந்தாங்கலுக்கும் அதே மாவட்டத்துல மதுராந்தகம் பக்கம் போனா போதும். கிளாம்பாக்கம் வரைக்கும் வந்துட்டாலும் தாம்பரத்துல இருந்து வண்டலூர் வழியா மாமல்லபுரம் போற 515 பஸ் இருக்கு. வெளிய பாக்க வேண்டியத முதல் ரெண்டு மூணு நாள்ல முடிச்சுட்டு, கடைசில சிட்டில ரூம் போட்டு ஷாப்பிங்க பாருங்க, மூட்டையும் சேராது.

காஞ்சிபுரத்த சென்னைல இருந்து ஒரே நாள்ல பாத்துட்டு வரலாம்னு கிளம்புறவங்களுக்கு ஒண்ணு தெரியறதில்ல. பெரும்பாலான கோயில் மதியம் பன்னெண்டு பன்னெண்டரைக்கு நடை சாத்தினா சாயந்திரம் நாலு மணிக்குதான் திறப்பாங்க. வீட்ல இட்லி சாப்ட்டு நிதானமா 9 மணிக்கு கிளம்பி பூந்தமல்லி தாண்டி போய் சேரும்போது பதினொன்றரை ஆயிடும், ஒரு கோயில் பாக்குறதுக்குள்ள கதவ சாத்திடுவாங்க, அப்புறம் அந்த நாலு மணி நேரம் என்ன பண்ணுவீங்க, பட்டுப்புடவ கடைக்குள்ள போவீங்க, பட்ஜெட் காலி. ராத்திரி அங்கயே தங்கிட்டா காலைல ஆறு ஆறரைக்கெல்லாம் கூட்டமில்லாம பாக்கலாம். மாமல்லபுரமும் அப்படித்தான், சின்னங்கள காலை 6 மணிக்கே திறந்துடுறாங்க, சென்னைல இருந்து போறவன் உச்சி வெயில்ல பாறை மேல கால் சுட நிக்கிறான். வேடந்தாங்கல்ல பறவை சீசன் நவம்பர் வாக்குல ஆரம்பிக்கும், விடியலும் சாயந்திரமும்தான் நேரம், பக்கத்துல தங்கினாதான் ஏதாவது தெரியும்.

ஈசிஆர்ங்கிற கிழக்கு கடற்கரை ரோட்டு ரிசார்ட்டுக்கு போறவங்க கேக்க வேண்டியது நீச்சல் குளம் இருக்கான்னு இல்ல, அது எல்லா இடத்துலயும் இருக்கு. அன்னைக்கு அங்க கல்யாணமோ கம்பெனி பார்ட்டியோ இருக்கான்னு கேளுங்க, இருந்தா ராத்திரி பாட்டு சத்தத்துல தூக்கம் கிடையாது. குழாய்ல உப்புத்தண்ணி வருதான்னு கேளுங்க, கடலோரம் போர் தண்ணி பல இடத்துல அப்படித்தான். சாப்பாடு டெலிவரி வருமா, இல்ல அவங்க மெனுல இருக்க ரேட்டுதானா, திரும்பி வர கேப் கிடைக்குமா, டிரைவர் ரிட்டர்ன் சார்ஜ் கேப்பாரா. சீ வியூன்னா தென்னமரத்துக்கு நடுவுல ஒரு கீத்து நீலம் தெரிஞ்சாலும் சீ வியூதான், பால்கனில இருந்து எடுத்த போட்டோவ வாட்சாப்ல அனுப்ப சொல்லுங்க. கடல்ல இறங்கி குளிக்கலாம்னு மட்டும் நெனக்காதீங்க, அந்த பக்கம் இழுவை மோசம்.

வரிய பாக்காம விடுறதும் உண்டு. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஒரு நாளைக்கு 7,500 ரூபா வரைக்குமான ரூமுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, அதத் தாண்டினா 18. 7,500 ரூபா ரூம் 7,875ல முடியும், 7,600 ரூபா ரூம் 8,968 ஆகும். நூறு ரூபா ஜாஸ்திதானேன்னு சீ வியூவுக்கு மாறுறவங்க இத கவனிக்கணும்.

வடக்க பழவேற்காடு போறதுன்னா தங்குற பிளான் வேண்டாம், காலைல பொன்னேரி வழியா போயிட்டு மதியம் மீன் சாப்ட்டுட்டு திரும்பிடுங்க. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு அமாவாசைக்கு போறவங்க முந்தின நாள் சாயந்திரம் போய் ரூம் தேடாதீங்க, ஜனம் அதுக்கு முன்னாடியே வந்து எடம் புடிச்சுடும். ரூம் புக் ஆகலன்னா விடிகாலை சென்ட்ரல்ல இருந்து லோக்கல் ட்ரெயின்ல போய் குளத்துல கால் நனைச்சுட்டு வந்துடுங்க.