மெனோனைட் சேவை வீட்டில் ஓராண்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க நகரங்களில் மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைகள் தரும் ஆதரவில் தன்னார்வலர் வீடுகள் நடக்கின்றன. நாலைந்து பேர் ஒரே வீட்டில் இருப்பார்கள். பகலில் ஆளுக்கொரு தொண்டு நிறுவனத்தில் வேலை, இரவில் எல்லாருக்கும் ஒரே சமையல். வாடகை, மளிகை, மருத்துவக் காப்பீடு எல்லாம் திட்டத்தின் பொறுப்பு. நம் கையில் வருவது சின்னக் கைச்செலவுக் காசு மட்டும். நான் அப்படி ஒரு வீட்டில் ஓராண்டு இருந்தேன். போக நினைப்பவர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அங்கே நானும் மற்றவர்களும் செய்த தவறுகள்தான்.

மெனோனைட் என்றதும் குதிரை வண்டி, கறுப்புத் தொப்பி என்று கற்பனை செய்யாதீர்கள். அது பெரும்பாலும் ஆமிஷ் மக்கள். யாக்கோப் அம்மான் என்ற தலைவரைப் பின்பற்றி 1693இல் தனியாகப் பிரிந்தவர்கள். நகரத்து மெனோனைட்கள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பேருந்தில் வேலைக்குப் போகிறவர்கள்.

இதைவிடப் பெரிய தவறு, இவர்கள் ஏன் சேவை செய்கிறார்கள் என்று தெரியாமல் போவது. 1525இல் சூரிக் நகரில் தொடங்கிய மறுஞானஸ்நான இயக்கத்தின் (குழந்தையில் இல்லாமல், வளர்ந்தபின் தானே விரும்பி ஞானஸ்நானம் பெற வேண்டும் என்றவர்கள்) வழி வந்தவர்கள் இவர்கள். 1536இல் கத்தோலிக்கக் குருத்துவத்தை விட்டு வந்த மென்னோ சைமன்ஸின் பெயரே இவர்களுக்கு நின்றுவிட்டது. ஆயுதம் எடுப்பதில்லை என்பது இவர்களுடைய உறுதியான நம்பிக்கை. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1947 வரை, மனசாட்சியின் பேரில் போருக்கு மறுத்த சுமார் 12,000 அமெரிக்க இளைஞர்கள் அதற்குப் பதிலாகக் காடுகளிலும் பண்ணைகளிலும் மனநல மருத்துவமனைகளிலும் வேலை செய்தார்கள். அவர்களில் மிகப் பெரிய குழு மெனோனைட்கள். மனநல மருத்துவமனைகளில் நோயாளிகள் கேட்பாரற்றுக் கிடப்பதைப் பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை, வெளியே சொன்னார்கள். "துப்பாக்கி தூக்க மாட்டாய், சரி, வேறு என்ன செய்வாய்?" என்ற கேள்விக்கு அவர்கள் வாழ்ந்து காட்டிய பதில் அது. இன்றைய சேவை வீடுகளும் அந்த வழியில் வந்தவைதான். இது புரியாமல் போனால், ஏழைகளுக்கு உதவ வந்த நல்லவர் என்று நம்மைப் பற்றியே நினைத்துக்கொண்டு திரிவோம்.

அப்புறம் பணம். வீட்டில் பாதிப் பிரச்சினைக்கு வேர் இதுதான். நான் அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரம், இந்தியக் கடையில் பாஸ்மதி அரிசியும் பனீரும் நல்ல நெய்யும் என் சொந்த அட்டையில் வாங்கிவந்தேன். டப்பாக்களில் என் பெயர் எழுதிக் குளிர்பெட்டியில் வைத்தேன். பொதுப்பணத்தைத் தொடவில்லையே என்று எனக்குத் திருப்தி. அன்று இரவு எல்லாருக்கும் பீன்ஸும் சோள ரொட்டியும். கூட இருந்த பெண் குளிர்பெட்டியைத் திறந்தவள், "இது உனக்கு மட்டுமா?" என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை. அவளுக்கு வங்கியில் ஒன்றும் கிடையாது. கல்லூரிக் கடன் வேறு இருந்தது. எல்லாரும் ஒரே காசில் வாழ்வோம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, என்னிடம் வேறு காசு இருக்கிறது என்பதைக் குளிர்பெட்டியில் எழுதி ஒட்டியிருந்தேன். மறுநாள் அந்தப் பெயர்ச்சீட்டுகளைக் கிழித்தேன். வியாழக்கிழமை என் சமையல் முறை, அந்தப் பனீர் எல்லாருக்கும் போனது. ஊரில் இருக்கும் சொந்த வீட்டிலிருந்து பணம் வந்தாலும் வெளியே சாப்பிட்டு வந்தாலும் இதே கதைதான். மற்றவர்களால் முடியாததை அவர்கள் கண்முன்னால் செய்யாதீர்கள்.

சண்டை வரும். கழுவாத பாத்திரத்துக்கும் குளியலறை முடிக்கும் வரும். சமாதானச் சபை என்பதால் வாயை மூடிக்கொண்டிருப்பதே சமாதானம் என்று நினைப்பது தவறு. அப்படி மூன்று மாதம் மூடி வைத்ததெல்லாம் ஒருநாள் வீட்டுக்கூட்டத்தில் எப்படி வெடிக்கும் என்று பார்த்திருக்கிறேன். பைபிளில் மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் சொல்லியிருக்கும் வழியை மெனோனைட்கள் அடிக்கடி சொல்வார்கள்: சம்பந்தப்பட்டவரிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசு. இன்னொருவரிடம் போய்ப் புலம்பாதீர்கள். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கவும் வேண்டாம். அன்றே, பாத்திரம் தொட்டியில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

வீடில்லாதவர்களுக்குக் காலை உணவு தரும் இடத்தில் எனக்கு வேலை. அங்கே செய்த இரண்டு தவறுகள் எனக்கு இன்னமும் வலிக்கின்றன. ஒன்று, வரிசையில் நிற்பவர்களிடம் "எப்படி இந்த நிலைமைக்கு வந்தீர்கள்?" என்று கேட்பது. வீடில்லாதவர் நமக்குக் கதை சொல்லக் கடன்பட்டவர் இல்லை. படம் எடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்னொன்று, வேகம். காலை உணவு வரிசையை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். அங்கே பல வருடமாக இருந்த ஊழியர், "யாருடைய பெயராவது தெரியுமா?" என்றார். ஒன்றுகூடத் தெரியவில்லை. அன்றிலிருந்து காபி ஊற்றும்போது பெயர் கேட்கத் தொடங்கினேன்.

எதற்கும் முடியாது என்று சொல்லாமல் இருப்பதும் கூடாது. வாரத்தில் ஒருநாள் ஓய்வை விட்டுக்கொடுத்தவர்கள்தான் முதலில் உடைந்து போனார்கள்.

கடைசித் தவறு, கிளம்பும் தேதியை மறைப்பது. அந்த வரிசையில் நிற்பவர்களை ஏற்கெனவே பலர் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நான் கடைசி வாரத்தில்தான் சொன்னேன். தினமும் சர்க்கரை இல்லாமல் காபி வாங்கும் பெரியவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அடுத்து வருகிறவரிடம் என் பெயரைச் சொல்லிவிட்டுப் போ அம்மா" என்றார். அவர் பெயரையும், சர்க்கரை வேண்டாம் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி, காபி இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தேன்.