கேரவன் கூரைக்கு சோலார் பேனல் தேர்வு செய்வது எப்படி?

டெம்போ டிராவலரை கேரவனாக மாற்றுகிறவர்கள் கடைக்குப் போனதும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட் போடலாம்?" வண்டிக் கூரையைப் பொறுத்தவரை அது மூன்றாவது கேள்வி. கூரையில் நிழல் விழாத இடம் எவ்வளவு, ஒரு நாளைக்குக் கரண்ட் எவ்வளவு வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் வாட் கணக்குக்கு அர்த்தம் உண்டு.

டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு கூரையில் ஏறுங்கள். ஏசி கண்டென்சர் பெட்டி, வென்ட் ஃபேன், லக்கேஜ் கேரியர் என்று மேலே துருத்திக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் சுற்றிக் கோடு போடுங்கள். 20 செ.மீ. உயரப் பெட்டியின் நிழல் காலை 9 மணிவாக்கில் 20 செ.மீ. நீளும், 8 மணிக்கு 35 செ.மீ. நீளும். எனவே ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் அதன் உயரம் அளவுக்காவது தள்ளித்தான் பேனல் வர வேண்டும். பேனலுக்குள் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருப்பதால், ஒரே செல்லில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையே படுத்துவிடும். நிழல் விழுந்த பகுதியை ஒதுக்கிவிட்டு கரண்டைத் திருப்பிவிடுவது பைபாஸ் டயோடு. சாதாரண 36 செல் பேனலில், பாதிக்கு ஒன்றாக இரண்டுதான் இருக்கும். கேரியர் கம்பியின் நிழல் ஒரு செல்லை முழுதாக மூடினால் பாதி உற்பத்தி போச்சு.

அடுத்தது தேவை. 50 லிட்டர் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் நம் கோடையில் நாளுக்கு 500 முதல் 600 வாட்-அவர் இழுக்கும். 28 வாட் பிஎல்டிசி ஃபேன் பத்து மணி நேரம் ஓடினால் 280. லேப்டாப் மூன்று மணி நேரத்துக்கு 180. விளக்கு, தண்ணீர் மோட்டார், போன் சார்ஜர் எல்லாம் சேர்த்து 100. மொத்தம் 1,100 வாட்-அவர், அதாவது 1.1 யூனிட். தமிழ்நாட்டில் சராசரியாக ஒரு நாளைக்கு 5 மணி நேர முழு வெயில் என்று வைத்துக்கொள்ளலாம். சூடு, தூசி, வயர் இழப்பு எல்லாம் கழிக்க அதை 0.7-ஆல் பெருக்கி, வரும் எண்ணால் தேவையை வகுங்கள். 1,100 ÷ (5 × 0.7) = 314 வாட். வடகிழக்குப் பருவமழை மாதங்களுக்கு வெயிலை 3.5 மணி என்று போட்டால் 450 வாட் வரும். 400 வாட் பேனலும், வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி ஏற்றும் டிசி-டிசி சார்ஜரும் இருந்தால் இந்தத் தேவைக்குப் போதும்.

ஏசியை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி ஓர் இரவு ஓட 5 யூனிட்டுக்குக் குறையாமல் கேட்கும். கூரையை முழுக்க மூடி 800 வாட் போட்டாலும் நல்ல வெயில் நாளில் 2.8 யூனிட்தான் கிடைக்கும். "சோலாரிலேயே ஏசி ஓட்டித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.

இனி எந்தப் பேனல் என்பது. வளையும் ஃப்ளெக்ஸிபிள் பேனல் எடை குறைவு, கூரையோடு ஒட்டிக்கொள்ளும், பார்க்கவும் அழகு. ஆனால் நம் ஊருக்கு அது சரிப்படாது. அடியில் காற்றுப்போக இடம் இல்லாமல், வெயிலில் கொதிக்கும் தகரத்தின் மேலேயே கிடந்து வேகும். சூட்டில் உற்பத்தி குறைவதோடு, வண்டி குலுங்கக் குலுங்கச் செல்களில் மயிரிழை விரிசல் விழும். விரிசல் விழுந்த இடம் தனியாகச் சூடேறி, மேலே உள்ள பிளாஸ்டிக் பழுப்பாகும். கூரை ரொம்பவும் வளைந்திருந்து வேறு வழியே இல்லை என்றால் மட்டும் அதற்குப் போங்கள். அப்போதும் மேல்தாள் சாதாரண பெட் (PET) பிளாஸ்டிக்காக இல்லாமல், வெயில் தாங்கும் இ.டி.எஃப்.இ. (ETFE) பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும்.

அலுமினியச் சட்டம் போட்ட கண்ணாடி மோனோ (ஒற்றைப் படிக சிலிக்கான்) பேனல்தான் முதல் தேர்வு. கம்பெனி தரும் டேட்டாஷீட்டில் வெப்பநிலைக் குணகத்தை, அதாவது ஒரு டிகிரி சூடு கூடினால் உற்பத்தி எவ்வளவு குறையும் என்பதைப் பாருங்கள். மோனோ பெர்க் (PERC) என்ற செல் ரகத்தில் ஒரு டிகிரிக்கு 0.35 சதவீதம், அதைவிடப் புதிய டாப்கான் (TOPCon) ரகத்தில் 0.30 சதவீதம் அளவில் இருக்கும். லேபிளில் உள்ள வாட், செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. மே மாத மத்தியானம் கூரையில் செல் 70 டிகிரியைத் தொடும். 45 டிகிரி கூடுதல் என்றால் பெர்க்கில் கிட்டத்தட்ட 16 சதவீதமும், டாப்கானில் 13.5 சதவீதமும் குறையும். விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் டாப்கானையே எடுங்கள்.

லேபிளை அப்படியே நம்பவும் வேண்டாம். நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் பெருக்கி 210-ஆல் பெருக்குங்கள். இன்றைய நல்ல பேனலின் வாட் ஏறக்குறைய அந்த எண்ணில் நிற்கும். 1.2 மீட்டருக்கு 0.55 மீட்டர் பேனலில் "300 வாட்" என்று ஒட்டியிருந்தால், உள்ளே இருப்பது 140 வாட்தான். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், சோலார் பேனல் தரத்துக்கான ஐ.எஸ். 14286 எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் கடை வாசலில் வெயிலில் வைத்து ஷார்ட் சர்க்யூட் ஆம்பை (பேனலின் இரண்டு வயரையும் நேராக இணைத்தால் ஓடும் கரண்டை) அளந்துவிடுங்கள். சாதாரண மல்டிமீட்டரின் ஆம்ப் துளை பெரும்பாலும் 10 ஆம்ப் வரைதான் தாங்கும். 200 வாட் பேனல் 11, 12 ஆம்ப் தரும் என்பதால் மீட்டருக்குள் ஃப்யூஸ் போய்விடும். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் கொண்டுபோங்கள்.

வீட்டு மாடிக்கு வரும் 540 வாட் பேனல் வாட்டுக்கு மலிவுதான். ஆனால் 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், ஏறக்குறைய 28 கிலோ எடை. அசையாத மாடிக்கென்று செய்த அவ்வளவு பெரிய கண்ணாடி, முறுக்கிக்கொண்டே ஓடும் வண்டியில் நெடுநாள் தாங்காது. இரண்டு 200 வாட் பேனலே நல்லது. கண்டென்சருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பிரித்தும் வைக்கலாம்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர், பேனலிலிருந்து அதிகபட்ச வாட்டை இழுக்கும் எம்பிபிடி (MPPT) ரகமாகவே இருக்கட்டும். 400 வாட்டை, 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகும் 14.4 வோல்ட்டால் வகுத்தால் 28 ஆம்ப் வரும், எனவே 30 ஆம்ப் கண்ட்ரோலர் போதும். அதன்மேல் எழுதியிருக்கும் அதிகபட்ச வோல்ட்டை மட்டும் எந்த நிலையிலும் தாண்டக் கூடாது. 540 வாட் பேனல் இரண்டைச் சீரீஸில் (வோல்ட் கூடும்படி ஒன்றன்பின் ஒன்றாக) போட்டு 100 வோல்ட் கண்ட்ரோலரில் கொடுத்தால், சென்னையில் 99 வோல்ட் என்று தப்பித்துக்கொள்ளும். ஊட்டியில் டிசம்பர் காலை 5 டிகிரி குளிரில் பேனல் வோல்டேஜ் 5 சதவீதம் கூடும். அன்றோடு கண்ட்ரோலர் காலி.

நிழல் இல்லாத கூரையில் இரண்டு 200 வாட் பேனலையும் சீரீஸில் இணைப்பது லாபம். 5 மீட்டர் தூரத்துக்கு 4 ஸ்கொயர் எம்.எம். சோலார் வயர் போட்டால் சீரீஸில் 1.5 சதவீதம்தான் இழப்பு. அதே வயரில் பேரலலாக (வோல்ட் மாறாமல் பக்கம் பக்கமாக) இணைத்தால் ஆம்ப் இரட்டிப்பாகி இழப்பு 6 சதவீதத்தைத் தொடும். ஒரு பேனலில் மட்டும் அடிக்கடி நிழல் விழும் என்றால் பேரலல்தான் சரி, அப்போது வயரை 6 ஸ்கொயர் எம்.எம். ஆக்குங்கள். கண்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 10 ஸ்கொயர் எம்.எம். வயர், நீளம் ஒன்றரை மீட்டருக்குள். பேட்டரி அருகிலேயே 40 ஆம்ப் ஃப்யூஸ். பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரில் ஆண் பிளக்கும் பெண் பிளக்கும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். வேறு வேறு கம்பெனி பிளக் மாட்டிக்கொள்ளும், ஆனால் உள்ளே தொடர்பு தளர்ந்து உருகும்.

பொருத்தும்போது பேனலுக்கும் கூரைக்கும் நடுவே 3 முதல் 5 செ.மீ. இடைவெளி விடுங்கள். காற்று போகும், கூரைக்கும் நிழல் கிடைத்து வண்டிக்குள் சூடு குறையும். ஒட்டுவதற்கு சிக்காஃப்ளெக்ஸ் 252 போன்ற பாலியூரிதேன் ஒட்டு. வினிகர் வாசம் அடிக்கும் ஹார்ட்வேர் கடை சிலிக்கான் வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் தகரத்தை அரிக்கும். பெயின்ட் உரிந்துகொண்டிருக்கும் இடத்தில் ஒட்டினால், ஒட்டு பிடிக்கும், பெயின்ட்தான் பேனலோடு பறக்கும். எனவே அந்த இடத்தைச் சுரண்டி பிரைமர் அடித்துவிட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் வண்டியை எடுக்காதீர்கள். முன் விளிம்பின் அடியில் காற்று புகாதபடி ஒரு சாய்வுத் தகடு வையுங்கள்.

பேனலைத் தூக்கிச் சாய்க்கும் ஏற்பாடு ஐரோப்பிய வீடியோக்களில் பார்த்தது. குமரி முதல் சென்னை வரை 8 முதல் 13 டிகிரி அட்சரேகை. ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சூரியன் உச்சந்தலைக்கே வருகிறது. படுக்கையாகவே இருக்கட்டும்.

இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். எல்லாம் முடிந்ததும் பேட்டரி ஓரளவு காலியாக இருக்கும் ஒரு மத்தியானம் கண்ட்ரோலர் காட்டும் வாட்டைப் பாருங்கள். 400 வாட் பேனலுக்கு 280 முதல் 320 வாட் காட்டினால் எல்லாம் சரி. 200-க்குக் கீழே நின்றால் நிழல், தளர்ந்த கனெக்டர், தூசி என்ற வரிசையில் தேடுங்கள். நல்ல வெயிலில் 20 வாட் மட்டும் காட்டினால் பதற வேண்டாம். பெரும்பாலும் பேட்டரி நிரம்பியிருக்கும். ஃபிரிட்ஜையும் ஃபேனையும் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.